ஐ5 சரி... எத்தனாவது தலைமுறை ஐ5? முதல் கம்ப்யூட்டர் வாங்கும் முன் ஒரு நிமிஷம்!

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஜூன், ஜூலை மாதங்களுக்கு ஒரு தனி முகம் உண்டு. ஒரு பக்கம் புத்தகக் கண்காட்சிக் கூட்டம். இன்னொரு பக்கம், ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்க அலையும் பெற்றோர். அட்மிஷன் முடிந்து, ஃபீஸ் கட்டி, 'அப்பாடா' என்று உட்காரும் நேரத்தில் அடுத்த கேள்வி வரும்.

"அப்பா, கம்ப்யூட்டர் எப்போ வாங்கித் தரப்போறீங்க?"

அதுவரை அசைன்மென்ட்டை செல்போனிலேயே தட்டி, வாட்ஸ்அப்பில் அனுப்பி, நெட் சென்டரில் பிரின்ட் எடுத்து ஒப்பேற்றியாகிவிட்டது. புரோகிராமிங், டிராயிங், டேலி, எக்ஸெல் என்று வந்தபிறகு கைபேசியின் ஆறு அங்குலத் திரை போதாது.

இந்த நேரத்தில்தான் கண்ணில் படுகிறது அந்த விளம்பரம். 'ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். 12,000 ரூபாய் மட்டுமே!' பெயரில் ஐ5 இருக்கிறது, விலை பாதிதான். மந்தாரக்குப்பத்திலும் இந்திரா நகரிலும் இருந்து சுரங்க வேலைக்குப் போய்வரும் ஒப்பந்தத் தொழிலாளி வீட்டில், இது வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். அந்தப் பெட்டியை வாங்கிவிட்டு ஆறே மாதத்தில் 'இது உதவாது' என்று தெரிந்தால், இன்னொரு முறை வாங்க அந்த வீட்டில் பணம் இருக்காது. படிப்பின் முதல் வருடம் அப்படியே போய்விடும்.

எனவே, வாங்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும். எல்லாமே கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவைதான்.

முதல் கேள்வி: டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா?

பிள்ளை ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போகிறதா? அப்படியானால் லேப்டாப்தான். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

ஆனால், நெய்வேலி ஜவகர் அறிவியல் கல்லூரி, விருத்தாசலம் அரசு கலைக் கல்லூரி, பண்ருட்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி போன்ற இடங்களுக்குக் காலையில் பஸ் ஏறிப்போய் மாலையில் வீடு திரும்பும் மாணவர்களும் நிறைய. அவர்களுக்கு டெஸ்க்டாப் நல்ல தேர்வு. அதே பணத்துக்கு வேகம் கூடுதலாகக் கிடைக்கும், திரை பெரிது. கீபோர்டு கெட்டால் கீபோர்டை மட்டும் மாற்றலாம். ரேம் போதவில்லையென்றால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். பகலில் தம்பியோ தங்கையோ அதே கம்ப்யூட்டரில் படிக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் பிள்ளையின் கல்லூரிக்கும் ஆண்டுக்கும் அது உண்டா என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அப்புறம் பணத்தை எடுங்கள்.

பெயரில் ஏமாறாதீர்கள்

மீண்டும் அந்த 12,000 ரூபாய் விளம்பரத்துக்கு வருவோம். ஐ5 என்பது இன்டெல் நிறுவனம் 2009-லிருந்து பயன்படுத்திய பெயர். அத்தனை ஆண்டுகளில் வந்த பிராசஸர்கள் பலவும் ஐ5தான். 'அம்பாசடர்' என்று சொன்னால் 1960-ல் வந்த காரா, 2010-ல் வந்த காரா என்று தெரியாது இல்லையா, அதுபோலத்தான் இதுவும்.

தெரிந்துகொள்ள வழி சுலபம். பெயருக்குப் பின்னால் ஒரு எண் இருக்கும். ஐ5-4570 என்றால், முதலில் உள்ள 4 என்பதுதான் தலைமுறை. நான்காம் தலைமுறை, 2013-ல் வந்தது. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, 2018-ல் வந்தது. ஐ3-12100 என்று ஐந்து இலக்கம் இருந்தால், முதல் இரண்டு இலக்கம்தான் தலைமுறை. பன்னிரண்டாம் தலைமுறை, 2022-ல் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, அந்த நான்காம் தலைமுறை ஐ5-ஐ ரொம்பப் பின்னுக்குத் தள்ளிவிடும். எட்டாம் தலைமுறை ஐ5-ஐவிடவும் வேகமானது. ஆக, 'ஐ3-யா, ஐ5-ஆ?' என்பதைவிட 'எத்தனாவது தலைமுறை?' என்பதுதான் சரியான கேள்வி.

கடைசியில் ஒட்டியிருக்கும் எழுத்தையும் பாருங்கள். 12100-க்குப் பின்னால் 'எஃப்' என்று இருந்தால், அந்த பிராசஸரில் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் வசதி இல்லை. தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டால்தான் மானிட்டரில் எதுவும் தெரியும். 'எஃப் வாங்கினா சில நூறு ரூபாய் மிச்சம்' என்று வாங்கிவிட்டு, பிறகு சில ஆயிரம் செலவழித்தவர்கள் உண்டு. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் வரிசையில் 5600 என்றால் கிராபிக்ஸ் இல்லை. 5600ஜி என்றால் உண்டு. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

எட்டு ஏன் முக்கியம்?

விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. அடுத்தது விண்டோஸ் 11. அது முறையாக ஓட, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிறகோ, ரைசன் என்றால் 2000 வரிசையோ அதற்குப் பிறகோ வேண்டும். 'டிபிஎம் 2.0' என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும்.

நிறுவனங்களிலிருந்து கழிக்கப்பட்ட நான்காம், ஆறாம் தலைமுறைக் கம்ப்யூட்டர்கள் சந்தையில் மலிவாகக் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 'அதுலயும் விண்டோஸ் 11 போட்டுத் தர்றோம் சார்' என்பார்கள். குறுக்கு வழியில் போடவும் முடியும். ஆனால், அப்படிப் போட்டதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை.

அப்படியானால் பழைய பெட்டி குப்பைதானா? இல்லை. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச இயங்குதளங்கள் அதில் நன்றாகவே ஓடும். பைத்தான், சி, ஜாவா படிக்கும் மாணவருக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருளை மாணவர்களிடம் கொண்டுசேர்க்கும் லினக்ஸ் பயனர் குழுவே இயங்குகிறது. தமிழிலேயே லினக்ஸ் கற்றுக்கொள்ள 'கணியம்' தளம் இருக்கிறது. ஆனால், டேலியோ ஆட்டோகேடோ கற்றே ஆகவேண்டிய மாணவருக்கு விண்டோஸ்தான் வேண்டும். படிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பிறகு மாற்ற முடியாததில் செலவு செய்யுங்கள்

சின்ன பட்ஜெட்டுக்கு ஒரே ஒரு விதி போதும். பிறகு மாற்ற முடியாததற்கு இப்போதே செலவு செய்யுங்கள். பிறகு சேர்க்கக் கூடியதைத் தள்ளிப்போடுங்கள்.

மாற்றக் கடினமானது மதர்போர்டு. அதுதான் வீட்டின் அஸ்திவாரம். நான்காம் தலைமுறை போர்டு பெரும்பாலும் டிடிஆர்3 ரேம் ஏற்கும். அந்த ரேமைப் புதிய போர்டில் பயன்படுத்த முடியாது. ஆக, அதில் போடும் ஒவ்வொரு ரூபாயும் அந்தப் பெட்டியோடு முடிந்துபோகிறது. அதுவே பன்னிரண்டாம் தலைமுறை போர்டு என்றால், இன்று ஐ3 போட்டுவிட்டு, பிள்ளை வேலைக்குப் போனபிறகு அதே போர்டில் ஐ5-ஓ ஐ7-ஓ மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. மலிவான கேபினெட்டோடு 'ஃப்ரீயாக' வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பாதீர்கள். அது வெடித்தால் கூடவே போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் இழுத்துக்கொண்டு போகலாம். பெயர் தெரிந்த நிறுவனத்தின் 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்குவது நல்லது.

மூன்றாவது, எஸ்எஸ்டி. சுழலும் ஹார்டு டிஸ்க் விநாடிக்கு நூறு, நூற்றைம்பது எம்பி அளவில் படிக்கும். சாதாரண எஸ்எஸ்டி-யே 500 எம்பி வரை படிக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு டீ போடப் போகும் நிலை மாறும். 256 ஜிபி போதும். 1,000 ஜிபி ஹார்டு டிஸ்க்கைவிட 256 ஜிபி எஸ்எஸ்டி மேல்.

தள்ளிப்போடக் கூடியவை என்னென்ன? ரேம் 8 ஜிபி-யில் தொடங்கலாம். ஆனால், அதை ஒரே குச்சியாக வாங்கி, இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். 2025 கடைசியிலிருந்து ஏஐ நிறுவனங்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை உலகம் முழுக்க எகிறியது. விலை இறங்கும்போது இன்னொரு குச்சி போட்டுக்கொள்ளலாம். கிராபிக்ஸ் கார்டு, கலர் லைட் மின்னும் கேபினெட், கேமிங் கீபோர்டு இவையெல்லாம் இல்லாமலே டிகிரி வாங்கலாம்.

படிப்பு எது? பெட்டியும் அதற்கேற்ப

பி.காம்., பி.ஏ., டிஎன்பிஎஸ்சி தயாரிப்பு என்றால் எட்டாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி, எஸ்எஸ்டி போதும். அதற்கு மேல் செலவழிப்பது வீண்.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ., பி.இ. சிஎஸ்இ என்றால் எட்டாம் தலைமுறை ஐ5 அல்லது பன்னிரண்டாம் தலைமுறை ஐ3. முதல் வருடம் 8 ஜிபி ரேம் போதும். ஆண்ட்ராய்டு ஆப் செய்யத் தொடங்கும்போது 16 தேவைப்படும்.

மெக்கானிக்கல், சிவில் என்றால் 2டி டிராயிங்குக்கு மேலே சொன்னதே போதும். கனமான 3டி வேலை மூன்றாம் வருடம் வரலாம். அப்போது கிராபிக்ஸ் கார்டு போட இடமுள்ள பெரிய கேபினெட்டாக இப்போதே எடுங்கள். ஆட்டோகேடுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டவேண்டியதில்லை. மாணவர் என்று நிரூபித்தால் ஆட்டோடெஸ்க் நிறுவனம் இலவசமாகவே தருகிறது. திருட்டு சாஃப்ட்வேர் போட்டு வைரஸை வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்.

புதுசா, பழசா?

பெரிய ஐடி நிறுவனங்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை தங்கள் கம்ப்யூட்டர்களை மொத்தமாகக் கழிக்கும். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்ற அந்தப் பெட்டிகளைத் துடைத்துச் சரிசெய்து விற்பதுதான் 'ரீஃபர்பிஷ்டு'. அலுவலகத்துக்காகச் செய்யப்பட்டவை என்பதால் உழைப்பு கெட்டி. எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ கிடைத்தால், மாணவருக்கு இது நல்ல பேரம். பெரும்பாலும் விண்டோஸ் லைசென்ஸும் பெட்டியோடு சேர்ந்தே வரும். அசெம்பிள்டு பெட்டிக்கு அதைத் தனியாக வாங்கவேண்டும்.

ஒரு குறை உண்டு. இவற்றில் மெலிந்த சின்னப் பெட்டிகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் அந்த நிறுவனத்துக்கென்றே செய்த அளவு. கெட்டுப்போனால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. பெரிய கிராபிக்ஸ் கார்டும் உள்ளே போகாது.

வாங்கும்போது கடையிலேயே அரைமணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். 'கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப்' மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் பிராசஸரின் முழுப் பெயரும் எண்ணும், ரேம் அளவும், டிஸ்க் எஸ்எஸ்டி-யா என்பதும் தெரிந்துவிடும். கடைக்காரர் வாயால் சொன்னதும், திரை சொல்வதும் ஒன்றா என்று பாருங்கள். எல்லா யுஎஸ்பி-யிலும் ஒரு பென் டிரைவ் செருகிப் பாருங்கள்.

நெய்வேலியிலா, ரிச்சி தெருவிலா?

'சென்னை ரிச்சி தெருவுக்குப் போனா அள்ளிட்டு வரலாம்' என்று யாராவது ஒருவர் சொல்வார். அண்ணா சாலையை ஒட்டிய அந்தத் தெருவில் விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால், சென்னை இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இரண்டு பேர் போய்வரும் பஸ் செலவு, சாப்பாடு, ஒரு நாள் சம்பளம் எல்லாம் கணக்கில் வரும். பொருளில் கோளாறு வந்தால் அதே செலவு இன்னொரு முறை. வித்தியாசம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் என்றால் உள்ளூர்க் கடை, கடலூர், புதுச்சேரி போதும். சாயங்காலம் சைக்கிளில் போய் 'அண்ணே, ஆன் ஆகமாட்டேங்குது' என்று சொல்லக்கூடிய கடைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கட்டும். 'பில் இல்லாம வாங்கினா குறைச்சுத் தர்றேன்' என்பது வாரன்டி இல்லாமல் வாங்குவதற்குச் சமம்.

30,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது?

விலை வாரத்துக்கு வாரம் மாறும். அதனால், விலையைவிடப் பங்கீட்டை மனதில் வையுங்கள். கையில் 30,000 ரூபாய் இருந்தால் சிபியு பெட்டிக்கு 17,000 வரை ஒதுக்கலாம். மானிட்டருக்கு 7,500, 22 அங்குலம், ஃபுல் எச்டி போதும். யுபிஎஸ்ஸுக்கு 3,500. கீபோர்டு, மவுஸுக்கு 1,000. மீதி 1,000 ரூபாயைச் செலவழிக்காமல் கையில் வையுங்கள். ஏதாவது ஒரு கேபிள் கண்டிப்பாக விட்டுப்போயிருக்கும்!

20,000-தான் இருக்கிறதா? மானிட்டரைத் தள்ளிப்போடுங்கள். வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ இருந்தால் சில மாதம் அதையே திரையாக வைத்துக்கொள்ளலாம். சிபியு-வின் தலைமுறையை மட்டும் குறைக்காதீர்கள்.

கல்விக் கடன் வாங்குபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்புக்குத் தேவை என்றால் நியாயமான விலையில் கம்ப்யூட்டர் வாங்கும் செலவையும் சேர்க்க இடம் உண்டு. விண்ணப்பிக்கும்போதே வங்கியில் கேளுங்கள். வட்டி இல்லாத தவணை என்று சொன்னால், பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும் என்ற இரண்டையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கரண்டும் தூசும்

யுபிஎஸ் ஆடம்பரம் இல்லை. 600 விஏ யுபிஎஸ், மின்சாரம் போனபிறகு பத்து நிமிடம்போல் தாங்கினாலே போதும். செய்த வேலையை சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த மாவட்டம் இது. மழைக்காலத்தில் இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். புராஜெக்ட் ஃபைல்களை ஒரு பென் டிரைவிலும் கூகுள் டிரைவிலும் வைத்திருங்கள்.

சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள ஊரில் தூசியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. சிபியு-வைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் ஃபேனைத் துடைத்தாலே ஆயுள் கூடும்.

கரண்ட் பில் பயமா? சாதாரண வேலைக்கு இந்தப் பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து 80 வாட் எடுத்தால், தினம் ஐந்து மணி நேரத்துக்கு 0.4 யூனிட். மாதம் 12 யூனிட்தான். நெய்வேலிக் கணக்கில் சொன்னால், ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி. அப்பா வேலை செய்யும் சுரங்கத்திலிருந்து மாதம் பன்னிரண்டு கிலோ நிலக்கரி, பிள்ளையின் படிப்புக்கு.

கடையில் கேட்கவேண்டிய 7 கேள்விகள்

1. பிராசஸரின் முழு எண் என்ன? எத்தனாவது தலைமுறை?
2. இதிலேயே கிராபிக்ஸ் உண்டா? கடைசி எழுத்து 'எஃப்' இல்லையே?
3. விண்டோஸ் 11-க்கு முறையாகத் தகுதி உண்டா? லைசென்ஸ் ஒரிஜினலா?
4. எஸ்எஸ்டி-யா, ஹார்டு டிஸ்க்கா?
5. ரேம் எந்த வகை? ஸ்லாட் இன்னொன்று காலியாக இருக்கிறதா?
6. எஸ்எம்பிஎஸ் எந்த நிறுவனம்? எத்தனை வாட்?
7. எந்தெந்தப் பாகத்துக்கு எத்தனை வருட வாரன்டி? பில்லில் எழுதித் தருவீர்களா?

இந்த ஏழையும் செல்போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். பொறுமையாகப் பதில் சொல்லும் கடையில் வாங்குங்கள். முகம் சுளித்தால், அடுத்த கடை பக்கத்திலேயே இருக்கும்!